டவர் மரத்தில் ஏறிய லேப்டாப்

எட்டு லேப்டாப்பை எடுத்துவரத்தான் நான் அன்றைக்குக் கொல்லிமலை ஏறினேன். சண்டை போடப் போகவில்லை. ஆனால் யாராவது தராமல் இழுத்தடித்தால் சண்டை போட்டாவது வாங்கிவருவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வேனில் உட்கார்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை.

என் பெயர் வள்ளியாத்தாள். காரவள்ளி அடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தமாகச் சின்ன வெங்காயக் காடும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. ஊர் அரசுப் பள்ளியில் பெற்றோர்களைக் கூட்டி மேலாண்மைக் குழு அமைத்தபோது, கூட்டத்தில் அதிகமாகக் கேள்வி கேட்டவள் என்று என்னையே தலைவியாக்கிவிட்டார்கள். அதற்கப்புறமாவது கேள்வி குறையும் என்று நினைத்திருப்பார்கள் போல. குறையவில்லை.

என் மகள் கௌசிகா அந்தப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். கம்ப்யூட்டர் என்றால் அவளுக்கு உயிர். போன வருஷம் நாமக்கல்லில் இருக்கும் ஒரு டிரஸ்ட் எங்கள் பள்ளிக்கு நாலு பழைய லேப்டாப் கொடுத்தது. கறுப்பு மூடி, மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர். வந்த வாரமே ‘இதில் நெட் பிடிக்கவில்லை, பழுது’ என்று சொல்லித் தலைமையாசிரியர் நாலையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்ததோடு சரி.

இந்த நிலைமையில்தான் டிரஸ்டில் வேலை பார்க்கும் கோகுல்நாத் என்ற பையன் எனக்குப் போன் செய்தான். மலைமேல் ஒரு பள்ளிக்குக் கொடுத்த எட்டு லேப்டாப் நெட் இல்லாமல் சும்மா கிடக்கிறது, உங்கள் பள்ளிக்கு மாற்றித் தருகிறோம், சனிக்கிழமை போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் பேச்சை முடிப்பதற்குள் அர்த்தனாரியின் வேனுக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் கௌசிகா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எட்டும் வந்துருமாம்மா?”

“எட்டும் வந்துரும் கண்ணு. நீ போய் மேசையைத் தொடச்சு வை” என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வளைவு வளைவாக ஏறி, செம்மேட்டைத் தாண்டி, திண்ணனூர் நாடு என்கிற பகுதிக்குள் ஒரு வண்டி போனால் எதிரில் ஆடுகூட வர முடியாத ரோட்டில் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு மேட்டில் இருந்தது. பக்கத்திலேயே மிளகுத் தோட்டம். அதன் ஓரத்தில் மற்ற மரங்களைவிட ஓர் ஆள் உயரம் அதிகமாக ஒரு சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி சுற்றி நின்றது. அதன் அடியில் நாலைந்து பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

“இங்க என்னுங்க விசேஷம்?” என்று கேட்டேன்.

“விசேஷமெல்லாம் இல்லீங்க. டவர் மரம்” என்றார் ஒருவர். அவர்தான் சின்னராசு, தோட்டத்துக்காரர்.

அந்த ஊரில் கீழே எங்கு நின்றாலும் சிக்னல் வராது. அந்த மரத்தின் உச்சிக் கவட்டையில் மட்டும் வரும். அதனால் கவட்டையில் ஒரு கயிற்றைப் போட்டு, காலையில் சின்னராசு தன் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவதுபோல மேலே ஏற்றிவிடுவார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுத்தான் ஏற்றுவார். மரத்தடியில் நிற்கிறவர்கள் போனெல்லாம் அதிலிருந்து நெட்டைப் பிடித்துக்கொள்ளும். மிளகு விலை பார்ப்பது, வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு பேசுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அந்த மரத்தடியில்தான். போனில் சார்ஜ் குறைந்தால் கீழே இறக்கி, சார்ஜ் போட்டு, மறுபடி உயர்த்துவார். கேட்டபோது எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது, ஆனால் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பள்ளி வராந்தாவில் தலைமையாசிரியர் பூபாலன் அட்டைப் பெட்டிகளோடு காத்திருந்தார். ராசிபுரத்துக்காரர், சாதுவானவர். “ஏழு கட்டி வச்சிட்டேன்மா. இன்னொண்ணு டீச்சர்கிட்ட இருக்கு” என்று மரத்தடியைக் காட்டினார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது. தயக்கத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மரத்தடியில் ஒரு மேசை போட்டு, வகுப்பறையிலிருந்து ஒயர் இழுத்து, எட்டாவது லேப்டாப்பின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் டீச்சர். துறையூர்ப் பக்கம், புளியஞ்சோலைக்குக் கீழே அவள் ஊர். மலைக்கு வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவள். நான் போய் நின்றது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை.

“டீச்சர், வண்டி நிக்குதுங்க. எடுத்து வெச்சிரலாமா?”

“அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குக்கா” என்றாள்.

“என்ன டைம்?”

“கோகுல்நாத் சாரை காலைலதான் கூப்பிட்டேன். இதுல ஒண்ணாவது நெட்ல சேர்ந்து அவர் ஸ்கிரீன்ல பச்சைப் புள்ளியா தெரிஞ்சா, எட்டும் இங்கயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கார். அஞ்சு மணிக்குள்ள தெரியணும். தெரியலைன்னா நானே தூக்கி உங்க வண்டியில வைக்கறேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாவென்று கூப்பிட்டுவிட்டு இன்னொருத்தரிடம் இருக்கட்டும் என்று சொல்வானா ஒருவன்? கோகுல்நாத் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு நல்ல நேரம் இல்லை. வேன் பக்கத்தில் நின்ற அர்த்தனாரி வேறு, “அக்கா, பனி எறங்கிருச்சுன்னா வளைவுல ஒண்ணும் தெரியாது, சொல்லிப்போட்டேன்” என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

“பிள்ளைங்களுக்கு இன்னைக்கு லீவு. அவங்க இதுல படம் போடறாங்க, டைப் அடிக்கறாங்க. திங்கக்கிழமை வந்து மேசை காலியா இருந்தா நான் என்ன சொல்றது?” என்றாள் ரோஸ்லின். அழுகிற குரல் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்.

என் மகளும் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணிதானே, ஆகட்டும் பார்க்கலாம் என்றுதான்.

“நெட்டுதான் இந்த மரத்துல வருதே. அப்புறம் என்ன?” என்று கேட்டேன்.

“எல்லா போனும் பிடிக்குது. இந்த லேப்டாப்புக்கு மட்டும் காது கேக்கல. இதுல லினக்ஸ் போட்டிருக்காங்க. யார் வேணும்னாலும் காசில்லாம எடுத்துக்கலாம், திறந்து பார்க்கலாம், மாத்தலாம். பழைய மெஷின்லகூட நல்லா ஓடும். ஆனா இதுக்குள்ள இருக்கற வைஃபை சில்லு செஞ்ச கம்பெனி, அந்தச் சில்லோட பேசறதுக்கான டிரைவரை மட்டும் திறந்து குடுக்கல. அது ஒரு சின்ன மென்பொருள். தனியா நெட்ல இருந்து இறக்கிப் போட்டுக்கணும்.”

“இறக்கிப் போடுங்க.”

“இறக்க நெட் வேணும்.”

“நெட்டுக்கு?”

“வைஃபை வேணும்.”

“வைஃபைக்கு?”

“டிரைவர் வேணும்.”

வளைவில் வரும்போது வராத தலைசுற்றல் அங்கே வந்தது. போனில் இறக்கி இதில் ஏற்ற முடியாதா என்று கேட்டேன். அதைத்தான் இரண்டு வாரமாகச் செய்தாளாம். ஒரு ஃபைலை ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும், அதைக் கொடுத்தால் அது வேறு இரண்டைக் கேட்கும். பந்திக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாரோடும் வந்து உட்காருகிற கதைதான் என்றேன். நேராக நெட்டில் விட்டால் தனக்கு வேண்டியதையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளுமாம்.

“அதுக்கு ஒரு வழி இருக்கு. போனைக் கேபிள்ல சொருகினா, போன்ல இருக்கற நெட் கேபிள் வழியாவே லேப்டாப்புக்கு வந்துரும். வைஃபையே வேண்டாம். ஆனா கீழ போனுக்கு சிக்னல் இல்ல. மேல சிக்னல் இருக்கு, கேபிள் இவ்வளவுதான் இருக்கு” என்று ஒரு முழக் கேபிளைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசு சார்ஜ் போடுவதற்காகப் போனைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “அட, போன் கீழ வராதுன்னா லேப்டாப்பையும் அதுகூடக் கட்டி மேல ஏத்திவுடுங்க. அதுவாவது காத்தாட இருக்கும்” என்றேன். நக்கலாகத்தான் சொன்னேன்.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். இறங்கி வருகிற கயிற்றைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

“சின்னராசு அண்ணே, அந்தக் கவட்டை எவ்வளவு எடை தாங்கும்?”

“பலாப்பழமே தாங்குமுங்க” என்றார் அவர்.

அதற்கப்புறம் மரத்தடியில் யாரும் சும்மா நிற்கவில்லை. சின்னராசு அன்னாசிக் கூடை ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் மனைவி பொன்னாயி அதற்குள் வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்தாள். போன் கட்டுகிற கயிறு மெல்லிசு, லேப்டாப்புக்கு ஆகாது. அர்த்தனாரியிடம் சுமை கட்டும் கயிறு இருந்தது. யார் மரம் ஏறி அதைக் கவட்டையில் போடுவது என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்து யோசித்தார்கள். எங்கள் கிணற்றில் பழைய வடத்தை மாற்றுகிறவர்கள் இறங்கவா செய்கிறார்கள்? பழைய கயிற்றின் நுனியில் புதுக் கயிற்றைக் கட்டி மறுபக்கம் இழுத்தேன். முடிச்சு கவட்டையில் ஒரு தரம் சிக்கி, உதறினதும் தாண்டி வந்துவிட்டது. நான் எதற்கு இதையெல்லாம் செய்கிறேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேலை நடக்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ரோஸ்லின் கறுப்புத் திரையில் ஒரு நீள வரியை அடித்தாள். நெட் கிடைக்கிற வரைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டே இரு, கிடைத்ததும் டிரைவரை இறக்கிப் போடு என்று அதற்கு அர்த்தமாம்.

“முடிஞ்சுதான்னு கீழ இருந்து எப்படித் தெரியும்?” என்று பூபாலன் சார் கேட்டார். நல்ல கேள்வி.

“முடிஞ்சதும் அதையே குரல் குடுக்க வச்சிடலாம் சார். அக்கா, இதுகிட்ட ஏதாச்சும் பேசுங்க, பதிஞ்சுக்கறேன்.”

“நானா? என்னத்தப் பேசறது? சீக்கிரம் ஆகட்டுங்க, வண்டி நிக்குது” என்றேன்.

“போதும்” என்று சொல்லி அதையே பதிந்துவிட்டாள். பொன்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனைக் கேபிளில் சொருகி, இரண்டையும் கூடைக்குள் வைத்து, கூடையை நாலு பக்கமும் கட்டினோம். ஒயரைப் பிடுங்கும்போது, “பேட்டரி கிழடு. முக்கால் மணி நேரம் தாங்கினா பெரிசு” என்றாள் ரோஸ்லின். கிழக்கேயிருந்து பனி தோட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சின்னராசும் அர்த்தனாரியும் கயிற்றைப் பிடிக்க, நான் கூடையை ஆடாமல் தூக்கிவிட்டேன். கூடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மிளகுக் கொடியில் உரசி, கிளைகளுக்குள் போய் நின்றது.

எல்லாரும் அண்ணாந்து நின்றோம். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பனிநீர்தான் விழுந்தது, குரல் விழவில்லை. “ஒரு தடவை இறக்கிப் பார்த்துடலாம்” என்றாள் ரோஸ்லின். குரல் கம்மிப் போயிருந்தது.

கூடை இறங்கியது. லேப்டாப் மூடியிருந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதை யார் மூடினது?” என்றாள்.

நான்தான் மூடினேன். கூடையைத் தூக்கிவிடும்போது பனி இறங்குகிறதே என்று மூடிவிட்டேன். வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறையைப் பனிக்குத் திறந்து போட்டால் ஒரே ராத்திரியில் முளைத்து நிற்கும். மூட வேண்டியதை மூடுவது என் கைக்குப் பழக்கம். யோசித்துச் செய்ததே இல்லை.

“மூடினா அது தூங்கிரும்க்கா. ஒண்ணுமே செய்யாது. இவ்வளவு நேரமும் மேல தூங்கியிருக்கு.”

பூபாலன் சார்தான், சாதுவான மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அம்மாவுக்கு அவங்க ஊர்ப் பிள்ளைங்க மேல அக்கறை இருக்காதா. தப்புச் சொல்ல முடியாது.”

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வேண்டுமென்றே மூடினேன் என்கிறார். சின்னராசு வேறு பக்கம் பார்த்தார். பொன்னாயியின் சிரிப்பு போய்விட்டது. அர்த்தனாரி, எங்கள் ஊர்க்காரன், அவன்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஏனுங்க சார்” என்றேன். “எனக்கு வேணும்னா வாயால கேட்டு வாங்குவனுங்க. சண்டை போட்டு வாங்குவேன். இருட்டடி அடிச்சு வாங்க மாட்டேன். எம் புள்ளைக்கிட்ட அப்படி ஒண்ணைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு நான் எப்படிச் சோறு திங்கறது? டீச்சர், இன்னொருக்கா ஏத்தலாம். இந்தக் கழுதைக்குக் காது கேக்காம நான் இந்த மலையை விட்டு எறங்க மாட்டேன்.”

ரோஸ்லின் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “அக்கா பனிக்காகத்தான் மூடினாங்க சார். நான் இவங்க இடத்துல இருந்தாலும் மூடியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுத் திரையைத் திறந்து, அதே வரியை மறுபடி அடிக்கத் தொடங்கினாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் போல இருந்தது.

திறந்தும் இருக்க வேண்டும், நனையவும் கூடாது. பொன்னாயி வீட்டுக்குள் ஓடி ஒரு கொங்காடையை எடுத்துவந்தாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் சாக்குதான், ஒரு மூலையை உள்ளே மடித்தால் குல்லாய் மாதிரி நிற்கும். அதைத் திறந்த லேப்டாப்பின் தலையில் மாட்டினேன். களை வெட்டப் போகிற கிழவி மாதிரி இருந்தது அது. மூடி மடங்காமல் இருக்க நடுவில் ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்தேன். போன் உறிஞ்சியது போகப் பேட்டரியில் கால்வாசிதான் மிச்சம். மணி நாலரையை நெருங்கிவிட்டது.

இந்தத் தடவை நானும் கயிற்றைப் பிடித்தேன். பூபாலன் சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் பிடித்தார். நன்றாக இழுத்தார். கூடை பனிக்குள் போய் மறைந்தது. கயிறு மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து இறங்கி எங்கள் கைக்கு வந்தது.

காத்திருந்தோம். ரோஸ்லின் கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பொன்னாயி கொல்லிப்பாவையை வேண்டிக்கொண்டிருப்பது உதடு அசைவதில் தெரிந்தது. அர்த்தனாரி பனியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, “எறங்கிட்டு இருக்குங்களா, இப்ப எறங்கிட்டு இருக்குங்களா” என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டான். என் மனசில், பேட்டரி போய்விடப் போகிறது, போய்விடப் போகிறது என்பது மட்டும்தான் ஓடியது. அது போய்விட்டால் எட்டும் எனக்குத்தான். சத்தியமாக அந்த நேரத்தில் அது என் நினைவில் இல்லை.

அப்போது மரத்தின் உச்சியிலிருந்து, பனிக்குள்ளிருந்து, ஒரு பொம்பளை அதட்டினாள்.

“சீக்கிரம் ஆகட்டுங்க, வண்டி நிக்குது.”

என் குரல்தான். என் குரல் அவ்வளவு கடுகடுவென்று இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அதைவிட இனிமையான ஒன்றை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அர்த்தனாரி துள்ளிக் குதித்தான். பொன்னாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பூபாலன் சார் சின்னப் பையன் மாதிரி கைதட்டினார். ரோஸ்லின் மட்டும், “இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கூடையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

லேப்டாப்பை இறக்கி ஒயரில் சொருகி, ஒரு தரம் அணைத்துப் போட்டாள். சின்னராசு தன் போனைக் கேபிளிலிருந்து கழற்றி, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டி, எப்போதும்போல மேலே ஏற்றினார். திரை விழித்தது. வலது மூலையில், இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், விசிறி மாதிரி ஒரு சின்னக் குறி. ரோஸ்லின் அதைத் தொட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது.

‘சின்னராசு தோட்டம்.’

“என் பேருங்க அது” என்றார் சின்னராசு, ஏதோ அரசாங்கத் தேர்வில் தன் பெயர் வந்துவிட்டதைப் போல. பாஸ்வேர்டை அவரே எழுத்தெழுத்தாகச் சொன்னார். விசிறி நிறைந்தது. டிரஸ்டின் வலைப்பக்கம் திறந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

மறு நிமிஷம் லேப்டாப் மணியடித்து, கோகுல்நாத்தின் முகம் திரையில் வந்துவிட்டது. மீசை சரியாக முளைக்காத பையன். “டீச்சர், பச்சைப் புள்ளி வந்துருச்சு. எப்படிங்க பண்ணீங்க?” என்றான். ரோஸ்லின் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கூடை, கயிறு, கொங்காடை, ஒன்றையும் விடவில்லை. அவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ஆனா டீச்சர், மரத்துல ஏத்த வேண்டியதே இல்லீங்களே. கீழ இன்னொரு போன்ல அந்த வைஃபையைப் பிடிச்சு, அந்தப் போனைக் கேபிள்ல சொருகியிருந்தா, கீழயே வேலை முடிஞ்சிருக்குமே.”

அர்த்தனாரி அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

“தம்பி, வள்ளியாத்தாள் பேசறேன். இதைக் காலையில டீச்சர் கூப்பிட்டப்ப சொல்லியிருந்தா உங்க வாயில இருந்து முத்தா உதுந்துருக்கும்? வரச் சொன்னவளையும் வெச்சுக்கிட்டு, இருக்கட்டும்னு இங்கயும் சொல்லிப்போட்டு, இப்ப வந்து வழி சொல்றீங்களே.”

“அக்கா, மன்னிச்சுக்கங்க. அப்ப நீங்க வெறுங்கையோட...”

அவன் முடிக்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. கௌசிகா மேசையைத் துடைத்திருப்பாள். இரண்டு தரம் துடைத்திருப்பாள். அவள் தோழிகளையும் கூட்டிவந்து வைத்திருப்பாள். இவ்வளவு நேரம் கயிறு இழுத்த கை அப்போதுதான் எரிந்தது. உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்த மேசையை நினைத்ததும் வந்த வருத்தமும் பொய்யில்லை.

பூபாலன் சார் அட்டைப் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். என்னிடம் வந்து, “அம்மா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க” என்றார். “அதை மரத்துலயே உட்டுட்டனுங்க” என்றேன். கறுப்பு மூடிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ரோஸ்லின் ஒரு பென் டிரைவை எடுத்து, மரமேறிய லேப்டாப் இழுத்து வைத்திருந்ததை எல்லாம் அதில் எடுத்து, அடுத்ததில் போட்டாள். மரமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். அதுவும் விசிறி காட்டியது.

“இனிமே ஈசிக்கா. ஒரே மாடல். மொத்த ஒறம்பரையும் இதுக்குள்ள இருக்கு” என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “உங்க பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே குடுத்ததா கோகுல்நாத் சார் சொன்னாரே, அதெல்லாம் என்ன ஆச்சு?”

“அது பழுதுங்க. கறுப்பு மூடி, மஞ்ச ஸ்டிக்கர், இதே மாதிரிதான். வந்த வாரமே வைஃபை பிடிக்கலைன்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். ரோஸ்லினும் கையை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இரண்டு பேருக்கும்.

அவள் பென் டிரைவைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல பூசை முடிஞ்சதும் மரத்தடிக்கு வந்துடறேன். வீடியோல கூப்பிடுங்க, உங்க பொண்ணையே அடிக்கச் சொல்லுங்க, நான் ஒவ்வொண்ணா சொல்றேன். நாலும் உயிரோடதான் இருக்கு.”

வேன் காலியாக இறங்கியது. அர்த்தனாரி விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, நத்தை மாதிரி ஓட்டினான். நான் ஜாக்கெட்டுக்குள் பென் டிரைவ் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி மலை இறங்கியதும் பனி விலகி, கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன. என் போனுக்குச் சிக்னல் வந்தது. வந்த உடனே அடித்தது.

“அம்மா, எங்க இருக்கீங்க? நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துலயேதான் இருக்கோம். வாட்ச்மேன் அண்ணன்கிட்டச் சொல்லி லைட்டெல்லாம் போட்டு வச்சிருக்கோம். எட்டும் வருதாம்மா?”

“ஒண்ணும் வரல கண்ணு” என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அர்த்தனாரி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், சொல்லுங்க, சொல்லுங்க என்று கையைக் காட்டினான்.

“அழுகாத சாமி. அம்மா கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றேன். “பீரோ சாவி ஆருகிட்ட இருக்குது?”